கோள் ஏன் கலங்குகிறது? வடசென்னை மொட்டை மாடிக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தொலைநோக்கியில் வியாழனின் பட்டைகள் கரைந்து தெரிந்தால் முதல் சந்தேகம் ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) மேல் விழும். அடுத்தது ஊர் வெளிச்சத்தின் மேல். பெரும்பாலும் இரண்டுமே நிரபராதிகள். வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி நான்கும் தெருவிளக்கை மீறிப் பளிச்சென்று தெரிபவை. அவற்றுக்கு வேண்டியது இருட்டு அல்ல, அசையாத காற்று. வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ மாடியில் நின்று பார்க்கிறவருக்குக் கோளைக் கலைக்கிற காற்று டியூபுக்குள்ளும் காலடித் தளத்தின் மேலும்தான் அதிகம் இருக்கும். இவற்றைச் சரிசெய்ய அநேகமாகச் செலவே இல்லை. அதை முடித்த பிறகு கடைப் பக்கம் போகலாம்.

உங்கள் அறிகுறி எதுவென்று தெரிந்தால் நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள். தெரியாவிட்டால் முதலில் இந்தச் சோதனை.

எல்லாவற்றுக்கும் முன்: ஒரு நட்சத்திரம், ஐந்து நிமிடம்

தலைக்கு மேலே, 60 டிகிரிக்குக் குறையாத உயரத்தில், நடுத்தர வெளிச்சமுள்ள ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். துருவ நட்சத்திரத்தில் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லும் கையேடுகள் குளிர் நாட்டுக்காரர்களுக்கு எழுதியவை. சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது, அங்கே எந்தத் தொலைநோக்கியும் ஒழுங்காகக் காட்டாது.

கருவியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை மடங்கு உருப்பெருக்கம் வையுங்கள். ஃபோகஸ் குமிழை மெல்லத் திருப்பி, நட்சத்திரம் நாலைந்து வளையங்களாக விரியும் வரை கலையுங்கள். இப்போது பாருங்கள்:

வளையங்கள் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் கொலிமேஷன் (கண்ணாடிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் ஒழுங்கு) கெட்டிருக்கிறது. ஃபோகஸுக்கு உள்ளே நீள்வட்டமாகவும், வெளியே அதே நீள்வட்டம் 90 டிகிரி திரும்பியும் இருந்தால் ஆஸ்டிக்மாட்டிசம் (வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாத பிழை). வளையங்களுக்குள் புகைபோல ஒன்று மெதுவாகச் சுருண்டு ஒரே பக்கமாக ஏறினால் டியூபுக்குள் வெப்பம். முழு வட்டமும் ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல ஒரே திசையில் வேகமாக ஓடினால் மேல்வானக் காற்று. வளையங்களே பிரியாமல் பால் கலந்த வெளிச்சமாக இருந்தால் கண்ணாடியில் ஈரம், அல்லது ஐபீஸில் விரல் பதிந்த எண்ணெய்.

டியூப் வெப்பம் எப்படித் தெரியும் என்று கண்ணைப் பழக்க ஒரு வழி: நட்சத்திரம் கலைந்திருக்கும்போதே டியூபின் வாய்க்கு முன்னால், கீழ் விளிம்பருகே உள்ளங்கையை நீட்டுங்கள். விரல்களிலிருந்து சூடு எழும்பி வளையங்களைக் குலைப்பது தெளிவாகத் தெரியும். ஒரு கை அவ்வளவு செய்கிறதென்றால், நாள் முழுக்க வெயில் குடித்த தளம் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

“பெருசா தெரியுது, ஆனா மங்கலா இருக்கு”

மிகச் சாதாரணமான புகார் இது. காரணமும் சாதாரணம்தான்: உருப்பெருக்கம் மிஞ்சிவிட்டது. தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 76/700 கருவியோடு (விட்டம் 76 மி.மீ., குவியத் தூரம் 700 மி.மீ.) வருகிற 4 மி.மீ. ஐபீஸ் 175 மடங்கு. கூடவே தருகிற 3 மடங்கு பார்லோவைப் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் இடைவில்லை) போட்டால் 525. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது இந்த எண்தான். 76 மி.மீ. விட்டத்துக்கு எட்டாத எண் அது. அந்த விட்டம் பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கம் 1.5 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) அளவில் நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு பெருக்கினாலும் அதே மங்கலைத்தான் பெரிதாக்குகிறோம்.

சென்னைக் காற்றில் கோளுக்கு நடைமுறைக் கணக்கு: விட்டம் மில்லிமீட்டரில் எத்தனையோ, அத்தனை மடங்கிலிருந்து அதன் ஒன்றரை மடங்கு வரை. இதையே வேறு விதமாகச் சொன்னால், ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் தடிமன் 1 மி.மீ.யிலிருந்து 0.7 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஐபீஸின் குவியத் தூரத்தைத் தொலைநோக்கியின் எஃப் எண்ணால் (அதன் குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது) வகுத்தால் அது வரும். 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் படம் இருண்டு, உங்கள் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் தூசுகள் வியாழன் மேல் ஓடும். “பட்டைக்குக் குறுக்கே என்னமோ நூல் மாதிரி நகருது” என்பது பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கணக்கில் சில கருவிகளுக்கு:

70/700 (எஃப்/10): 10 மி.மீ. ஐபீஸ் 70 மடங்கு, 7 மி.மீ. போட்டால் 100. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

114/900: 8 மி.மீ. போட்டால் 112, 6 மி.மீ. போட்டால் 150. தினசரி வேலைக்கு 8.

130/650 (எஃப்/5): 5 மி.மீ. அல்லது 10 மி.மீ.யோடு நல்ல 2 மடங்கு பார்லோ, இரண்டும் 130 மடங்கு. நல்ல ராத்திரியில் 4 மி.மீ. போட்டு 162.

150/1200 டாப்சோனியன் (தரையில் சுழலும் அடிப்பலகை மேல் நிற்கும் கண்ணாடித் தொலைநோக்கி): 8 மி.மீ. போட்டால் 150, 6 மி.மீ. போட்டால் 200.

200/1200 டாப்சோனியன்: 6 மி.மீ. போட்டால் 200. 5 மி.மீ. போட்டு 240 வரை போகலாம், ஆனால் அதை அனுமதிக்கிற இரவுகள் குறைவு.

எந்தக் கருவியானாலும் கோளுக்கென்று மூன்று ஐபீஸுக்கு மேல் தேவைப்படாது: தேடிப் பிடிக்க 25 மி.மீ. வாக்கில் ஒன்று, தினமும் பயன்பட ஒன்று, நல்ல இரவுக்கு ஒன்று. எது சரிப்படும் என்று தெரியாதவருக்கு 8–24 ஜூம் ஐபீஸ் நல்ல ஆசான். மெல்லத் திருகிக்கொண்டே போங்கள். விவரம் கூடுவது நின்று வெறும் அளவு மட்டும் கூடத் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து இரவுகளுக்குக் குறித்தால் உங்கள் மாடிக்கு எந்தக் குவியத் தூரம் என்று தெரிந்துவிடும்.

ஐபீஸ் வகை பற்றி: கோளுக்குப் பார்வைப் புலம் அகலமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒழுங்காகப் பூச்சிட்ட பிளாசல் வகை ஒன்றே போதும், ஆர்த்தோஸ்கோபிக் வகை இன்னும் சுத்தம். சங்கடம் கண்ணை வைக்கும் தூரத்தில்தான். பிளாசலில் அது குவியத் தூரத்தின் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. 6 மி.மீ. பிளாசலில் கண்ணிமை கண்ணாடியைத் தொட்டே ஆகும். ஜூன் மாதப் புழுக்கத்தில் வியர்த்த முகத்தோடு அப்படி ஒட்டிக்கொண்டு பார்த்தால் பத்து நிமிடத்தில் ஐபீஸில் எண்ணெய்ப் படலம். அதனால்தான் 66 டிகிரி புலமுள்ள “கோல்ட் லைன்” வகை 6, 9 மி.மீ. ஐபீஸ்களையே இங்கே சிபாரிசு செய்கிறோம். கண்ணைச் சற்றுத் தள்ளி வசதியாக வைக்கலாம், டாப்சோனியனில் கோள் நகர்ந்து ஓடும்போது கூடுதல் நேரமும் கிடைக்கும். அதே வரிசையின் 15, 20 மி.மீ. ஐபீஸ்களை எஃப்/5 கருவிக்கு வாங்க வேண்டாம், ஓரம் முழுக்க இழுபடும். பார்வைக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு வழி: நீளமான ஐபீஸோடு 2 மடங்கு பார்லோ. கண் தூரம் குறையாமல் உருப்பெருக்கம் மட்டும் இரட்டிக்கும்.

வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை இருப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொண்டால் போதும். சிலிண்டர் பவர் இருப்பவருக்கும் சிறிய கற்றைத் தடிமனில் பெரும்பாலும் தொந்தரவு தெரியாது. சந்தேகம் வந்தால் தலையைச் சாய்த்துப் பாருங்கள். இழுப்பு தலையோடு திரும்பினால் கோளாறு கண்ணில். ஐபீஸைச் சுழற்றும்போது திரும்பினால் ஐபீஸில். இரண்டுக்கும் அசையாமல் நின்றால் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடியில், அநேகமாக அதன் பிடிகளை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீர்கள்.

“எவ்வளவு திருப்பினாலும் ஃபோகஸ் நச்சுனு உக்காரல”

முதலில் டியூபின் நீளத்தை அளந்து பாருங்கள். பெட்டியில் 114/1000 அல்லது 127/1000 என்று போட்டிருந்து, டியூப் அரை மீட்டர் அளவில்தான் இருந்தால், ஃபோகஸருக்குள் (ஐபீஸைச் சொருகும் குழாய்) ஒரு வில்லை புதைத்து நீளத்தைச் சுருக்கிய வகை அது. அதன் கண்ணாடி கோள வளைவு, வில்லை மலிவு. 100, 120 மடங்குக்கு மேல் கூர்மை வராது. லேசர் வைத்துக் கொலிமேட் செய்வதும் அந்த வில்லை குறுக்கே இருப்பதால் பொய் சொல்லும். இதற்கு நல்ல ஐபீஸ் வாங்குவது வீண்.

டியூப் நீளம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் பார்லோ. பிளாஸ்டிக் வில்லையோடு இலவசமாக வந்ததைத் தூக்கி வைத்துவிட்டு, அதே உருப்பெருக்கத்தை ஐபீஸால் மட்டும் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ரிஃப்ராக்டரில் (முன்னால் வில்லையுள்ள தொலைநோக்கி) பார்லோவை டயகனலுக்கு (ஒளியை மடக்கிவிடும் துண்டு) முன்னால் சொருகியிருந்தால் 2 மடங்கு என்பது 3 வரை ஏறிவிடும். டயகனலுக்குப் பின்னால், ஐபீஸுக்கு முன்னால் வையுங்கள்.

இவை எல்லாம் சரியென்றால் காற்று.

“கொதிக்கிற மாதிரி அலையுது”

இங்கேதான் வடசென்னையின் பெரும்பாலான இரவுகள் வீணாகின்றன. எத்தனை இடத்தில் வெப்பம் இருக்கிறது என்று கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

தளம். தட்டோடு பதித்த காங்கிரீட் மாடி மாலை ஆறு மணிக்கு மேலும் நாலைந்து மணி நேரம் சூட்டை உமிழும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நில்லுங்கள். வெதுவெதுப்பு உறைத்தால் தளம் இன்னும் தயாராகவில்லை. இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர் கையில் இருந்தால் தளத்துக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 3 டிகிரிக்குள் வரும் வரை 150 மடங்குக்கு மேல் போக வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டு எல்லைக்குள் மட்டும் காட்டுவது.

மாலை ஐந்தரை, ஆறு வாக்கில் கருவி வைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டத்துக்கு நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அது காய்ந்ததும் இன்னொரு முறை. எட்டு மணிக்குள் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தண்ணீர்ப் பஞ்ச மாதங்களில் ஈரச் சாக்கு விரித்தாலே பாதி வேலை முடியும். வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்த மாடிக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது.

உயரம். சூடான காற்று தளத்தை ஒட்டித்தான் மிகக் கலவரமாக இருக்கும். சின்ன டாப்சோனியனைத் தரையில் வைத்தால் அதன் வாய் அந்த அடுக்கிலேயே திறக்கிறது. ஆடாத கனமான ஸ்டூலிலோ செங்கல் மேடையிலோ ஏற்றி, டியூபின் வாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் வரும்படி செய்யுங்கள்.

சுவர். மேற்குப் பார்த்த கைப்பிடிச் சுவர் சாயங்கால வெயில் முழுவதையும் வாங்கிவைத்திருக்கும். அதன் தலைக்கு மேலாகக் கோளைப் பார்க்க வேண்டாம். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தகரக் கூரை, மாடியில் நிற்கும் ஏசி வெளிப்பெட்டி, கீழ்த்தளச் சமையலறையின் எக்ஸாஸ்ட் வாய் எல்லாம் இதே கதைதான். ஏசிப் பெட்டி ஓடும்போது அதன் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

டியூப். பகலெல்லாம் மாடி அறையிலோ ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையிலோ கிடந்த கருவியின் கண்ணாடி சாயங்காலம் 36, 37 டிகிரியில் இருக்கும். வெளியே 29. அந்த வித்தியாசம் தீரும்வரை கண்ணாடியின் முகத்தில் வெப்பப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். 150, 200 மி.மீ. கண்ணாடிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்ணாடியின் முதுகில் 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை ரப்பர் பேண்டில் தொங்கவிட்டு 12 வோல்ட்டில் ஓட்டினால் நேரம் பாதியாகும். ரப்பர் பேண்ட் எதற்கென்றால் ஃபேனின் அதிர்வு டியூபுக்குப் போகக் கூடாது.

மேல்வானம். இதை மாற்ற முடியாது, நாள் பார்க்கலாம். வட இந்தியாவுக்கு மேல் குளிர்காலத்தில் ஓடும் ஜெட் காற்று சென்னையிலிருந்து வெகுதூரம் வடக்கே. நமக்குத் தொந்தரவு ஜூன் முதல் செப்டம்பர் வரை: 1958-இல் வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம் விவரித்த வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் அப்போது தென்னிந்தியாவுக்கு மேலேயே ஓடும். அந்த மாதங்களில் தரையில் இலை அசையாவிட்டாலும் கோள் ஓடிக்கொண்டே இருந்தால் காரணம் இதுதான். தலைக்கு நேர் மேலே உள்ள நட்சத்திரங்களும் வெறுங்கண்ணுக்கு மினுக்கினால் அன்றைக்கு 100 மடங்கோடு நிறுத்துங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் இங்கே கோளுக்கான காலம்.

ஒரு விஷயம் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். போகி கழிந்த புகை மூட்டம், மாதவரம் பக்கம் விடியற்காலையில் இறங்கும் மெல்லிய பனி. இந்த இரவுகளில் நட்சத்திரம் பாதி காணாமல் போகும். ஆனால் காற்று அசையாததால்தான் புகை தங்குகிறது. அதே அசையாத காற்றில் வியாழன் செதுக்கினதுபோல நிற்பதுண்டு. வானம் மங்கல் என்று கருவியை உள்ளே வைத்துவிடாதீர்கள். மழை பெய்து கழுவிவிட்ட, நட்சத்திரம் கொட்டிக்கிடக்கும் இரவு பெரும்பாலும் கோளுக்கு மோசமானது.

“வெளிய கொண்டுவந்த உடனே எல்லாம் வெள்ளையாயிடுச்சு”

குளிர் நாட்டுப் புத்தகங்களில் இல்லாத பிரச்சினை. ஏசி அறையில் 24 டிகிரியில் இருந்த கருவியை மே மாதத்திலோ ஆகஸ்டிலோ மாடிக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியைத் தாண்டியிருக்கும். கண்ணாடி அதைவிடக் குளிர்ச்சி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதுபோல முதன்மைக் கண்ணாடி, துணைக் கண்ணாடி, ஐபீஸ் எல்லாம் ஒரே நிமிடத்தில் வியர்க்கும்.

துடைக்காதீர்கள். கடலோர ஊரில் கண்ணாடி மேல் உப்புத் துகள் எப்போதும் இருக்கும், ஈரத்தோடு தேய்த்தால் அலுமினியப் பூச்சில் கீறல் நிச்சயம். மூடிகளைப் போட்டு, டியூபின் இரு வாயையும் பிளாஸ்டிக் ஷவர் கேப் மாட்டி அடைத்து, ஐபீஸ்களை மூடிய டப்பாவிலேயே வைத்து முக்கால் மணி நேரம் விடுங்கள். கண்ணாடி சூடேறியதும் தானே தெளியும். இனிமேல் கருவியை ஏசி இல்லாத அறையில் வையுங்கள், பிரச்சினை அடியோடு தீரும்.

ஜனவரி விடியலில் ரிஃப்ராக்டர், மாக்சுடோவ் வகைகளின் முன்கண்ணாடியில் பனி இறங்குவது வேறு சங்கதி. யோகா மேட் துண்டைச் சுருட்டி, விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னால் குழாயாகக் கட்டினால் பெரும்பாலும் போதும்.

“வால் முளைச்ச மாதிரி ஒரு பக்கமா இழுக்குது”

கொலிமேஷன். மூன்றாவது மாடிக்கு ஏற்றி இறக்குகிற டாப்சோனியனில் ஒவ்வொரு முறையும் சற்று நகர்ந்துவிடும். நடுவில் துளையிட்ட மூடியை ஃபோகஸரில் பொருத்தி, துணைக் கண்ணாடிக்குள் முதன்மைக் கண்ணாடியின் மூன்று பிடிகளும் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு பின்பக்கத் திருகுகளால் முதன்மைக் கண்ணாடியின் நடுப்புள்ளியை மூடியின் துளைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். மலிவான லேசர்களை நம்புவதற்கு முன் ஃபோகஸருக்குள்ளேயே சுழற்றிப் பாருங்கள். சிவப்புப் புள்ளி வட்டமடித்தால் முதலில் கொலிமேட் செய்ய வேண்டியது லேசரைத்தான். முடிவு நட்சத்திரத்தில்தான் தெரியும்: கலைத்த வளையங்கள் ஒரே மையத்தில் வர வேண்டும்.

இழுப்போடு நிறமும் இருந்தால், ஒரு விளிம்பு நீலம், எதிர் விளிம்பு சிவப்பு என்றால், கருவியில் கோளாறு இல்லை. கோள் தாழ்வாக இருக்கிறது. 30 டிகிரிக்கு மேல் ஏறும்வரை காத்திருங்கள். விளிம்பைச் சுற்றிலும் ஊதா வளையம் என்றால் அது ரிஃப்ராக்டரின் நிறப்பிழை. வெளிர் மஞ்சள் 8-ஆம் எண் ஃபில்டர் கொஞ்சம் அடக்கும்.

“தொட்டா ஆடுது, தொடாட்டியும் ஆடுது”

டியூபைச் சுண்டிவிட்டு எண்ணுங்கள். ஆட்டம் இரண்டு நொடிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் முக்காலியின் கால்களை முழுக்க உள்ளே தள்ளி உட்கார்ந்து பாருங்கள், நடுவில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

தானாக ஆடினால் காரணம் கட்டடம். தளத்தின் நடுப்பகுதி வளைந்து கொடுக்கும், தூணுக்கு நேர் மேலே இருக்கும் இடம் கொடுக்காது. தூண் எங்கே என்று கண்டுபிடிப்பது நம்ம ஊரில் சுலபம்: அடுத்த மாடி கட்டுகிற நம்பிக்கையில் வெட்டாமல் விட்ட துருப்பிடித்த கம்பிகள் எங்கே நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ அங்கே. கருவியை அதை ஒட்டி வையுங்கள் (கம்பி முனைகளில் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்துவிடுங்கள், இருட்டில் கண்ணைக் குத்தும்). எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய வீடுகளில் கண்டெய்னர் லாரி போகும்போதும், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை ரயில் பாதை ஓரங்களில் ரயில் போகும்போதும் வரும் அதிர்வுக்குக் காலடியில் தடித்த ரப்பர் துண்டு கொஞ்சம் உதவும். மீதிக்கு வண்டி போகும் வரை பொறுப்பதுதான்.

ஈக்குவடோரியல் மவுண்ட் (ஓர் அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்துவைக்கும் தாங்கி) வைத்திருப்பவர்களுக்குச் சென்னையில் ஒரு தனித் தொல்லை. துருவ அச்சை 13 டிகிரிக்குத் தாழ்த்தினால் எடைத்தண்டு வடக்கே நீட்டிய காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி ஒரு காலைத் தெற்கே வைத்து, மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே எடை இறங்கும்படி செய்யுங்கள். கால்களை அகலமாக விரித்தால்தான் சாயாது.

டாப்சோனியன்காரர்களுக்கு எதிர்த் தொல்லை: கோள் ரொம்பவும் தலைக்கு மேலே வந்துவிடும். 2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் எதிர்நிலைக்கு (வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்) வரும்போது நள்ளிரவில் இரண்டும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். அங்கே அடிப்பலகையை எவ்வளவு சுழற்றினாலும் கோளைத் துரத்த முடியாது. உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ, 60 டிகிரி உயரத்தில் பாருங்கள். காற்றில் நஷ்டம் அதிகமில்லை, கழுத்தும் பிழைக்கும். 200 மடங்கில், 52 டிகிரி புலமுள்ள பிளாசலில் கோள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஒரு நிமிடம் ஆகும். ஒரு விளிம்பில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஆட்டம் அடங்கி, நடுவில் வரும் இருபது நொடிதான் உண்மையான பார்வை.

“வீட்டு மாடி சரிப்படல, எங்க போறது?”

இருட்டைத் தேடிப் பழவேற்காடு வரை வண்டி ஓட்டுவது மங்கலான நெபுலாக்களுக்கு நியாயம். கோளுக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பார்க்க வேண்டியது திசையும் தரையும்.

எதிர்நிலையை ஒட்டிய வாரங்களில் கோள் சூரியன் மறையும்போது கிழக்கே கடலிலிருந்து ஏறும். காசிமேடு, திருவொற்றியூர் கரையோரத்திலிருந்து பார்த்தால் நள்ளிரவு வரை கண்ணுக்கும் கோளுக்கும் நடுவே வெறும் கடல்தான். தண்ணீர் பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், அதன் மேல் வருகிற காற்று கட்டடங்களில் முட்டிக் கலையாமல் வரும். கரையோரத்தில் முதல் வரிசை வீடு உங்களுடையதென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பாறை போட்ட கரையிலேயே கருவியை இறக்க வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த கருங்கல், மாடித் தளத்தைவிட மோசம், உப்புத் தூறலும் கண்ணாடியில் படியும். ஒரு தெரு உள்ளே, மண் தரையுள்ள திறந்தவெளி அதைவிட நல்லது. காசிமேடு துறைமுகப் பக்கம் அதிகாலை மீன் ஏலத்துக்கு வண்டிகளும் ஃபிளட் லைட்டும் வந்துவிடும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

அதே திருவொற்றியூரிலிருந்து டிசம்பர், ஜனவரி மாலையில் சனியைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். அது மேற்கே, மணலித் தொழிற்சாலைகளின் பக்கம் சரிந்துகொண்டிருக்கும். ஊரின் முழுச் சூட்டையும் தாண்டித்தான் அதன் ஒளி வர வேண்டும். அப்போது மேற்கே வெட்டவெளி உள்ள இடம் நல்லது: மாதவரத்துக்கு அப்பால், மீஞ்சூர், பொன்னேரிப் பக்க வயல்வெளிகள். ஈர வயலும் புல்தரையும் காங்கிரீட்டைவிட எவ்வளவோ சீக்கிரம் குளிர்ந்துவிடும். செங்குன்றம் ஏரிக்கரை காற்றுக்கு அருமையான இடம்தான், ஆனால் குடிநீர் ஏரி, இரவில் காவல் உண்டு. அனுமதியில்லாமல் கரைமேல் ஏறாதீர்கள்.

புகைபோக்கி எதுவானாலும் அதன் நேர்கோட்டில் கோளைப் பிடிக்காதீர்கள். புகை தெரியாவிட்டாலும் சூடு வெளியே வந்துகொண்டுதான் இருக்கும்.

கோளாறே இல்லாத கோளாறுகள்

சனியின் வளையம் மெலிந்து, காசினி இடைவெளி (வளையத்தைப் பிரிக்கும் கறுப்புக் கோடு) தெரியவில்லையா? 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நேராகப் பூமியை நோக்கித் திரும்பியது. அதன் பிறகு மெல்ல விரிந்துவருகிறது, 2032 வாக்கில்தான் முழு விரிவு. இடைவெளியின் அகலமே 0.7 ஆர்க் செகண்ட் அளவுதான். வளையத்தின் இரு நுனிகளில் தேடுங்கள், அங்கேயும் தெரியாவிட்டால் கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

வியாழனின் பெருஞ்சிவப்புப் புள்ளி காணவில்லையா? வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். புள்ளி நடுவட்டத்தைக் கடக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் முக்கால் மணி நேரம்தான் சரியாகத் தெரியும். மொபைல் செயலியில் நேரம் பார்த்துவிட்டு மாடியேறுங்கள். வெளிர் நீல 80ஏ ஃபில்டர் பட்டைகளையும் புள்ளியையும் சற்று எடுத்துக்காட்டும். வியாழன் கண்ணைக் கூசினால் ஃபில்டர்கூட வேண்டாம், மாடி விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். இருட்டுக்கு முழுதாகப் பழகிய கண்ணுக்கு நிறமும் நுணுக்கமும் குறைவாகவே தெரியும்.

வெள்ளியில் எதுவும் தெரியாது, பிறை வடிவம் மட்டுமே. வானம் முழுக்க இருண்ட பிறகு பார்த்தால் அதுவும் கூச்சத்தில் போய்விடும். சூரியன் மறைந்ததும் பாருங்கள்.

“ஐபீஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி இருக்கு”

பூஞ்சை. தோல் பையிலும் ஸ்பாஞ்ச் பெட்டியிலும் மாதக்கணக்கில் மூடி வைத்ததன் பலன். ஸ்பாஞ்ச் இந்த ஊர் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆரம்ப நிலையில், வெளிப்பரப்பில் மட்டும் இருந்தால் லென்ஸ் கிளீனரும் பஞ்சும் போதும். பூச்சை அரித்துவிட்டிருந்தால் துடைத்தாலும் தடம் நிற்கும். அந்த ஐபீஸைத் தனியே வையுங்கள், மற்றவற்றோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

மீதமுள்ளவற்றைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில், 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்றை உள்ளே போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு ஜெல் பச்சையானதும் தட்டில் பரப்பி, ஓவனில் 120 டிகிரிக்குள் சூடாக்கினால் மறுபடி உழைக்கும். மாடியிலிருந்து இறங்கியதும் ஐபீஸை உடனே டப்பாவில் போட வேண்டாம். ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் ஆறவிட்டு மூடுங்கள்.

முதன்மைக் கண்ணாடியை அடிக்கடி கழுவத் தேவையில்லை, ஆனால் கடற்கரை ஓரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை உப்பைப் போக்குவது நல்லது. போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் வாங்குங்கள். வாங்கும்போது அது பேட்டரி ஆசிட் அல்ல, தண்ணீர்தான் என்று லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைச் சாய்த்து வைத்து முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றி மணலையும் உப்பையும் ஓடவிடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி கலந்த நீரில் பத்து நிமிடம் ஊறட்டும். நனைந்த பஞ்சை அதன் சொந்த எடையிலேயே ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு எடுங்கள். கடைசியில் மீண்டும் டிஸ்டில்டு வாட்டர், செங்குத்தாக நிறுத்தி நிழலில் உலரவிடுங்கள். மாட்டியதும் கொலிமேஷன் பார்க்க வேண்டும்.